பபூனும் பெட்டி பூப்பும்

அன்புள்ள அண்ணனுக்கு,

என் பையனுக்குப் பதினோரு வயது. போன வாரம் போனில் ஒரு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். சூப்பர்மேன் மாதிரி ஒருத்தன், பிக்காச்சு மாதிரி ஒன்று, ஸ்பாஞ்ச்பாப் மாதிரி ஒன்று, எல்லாம் ஒரே வீட்டில் இருந்தன. ஐந்து நிமிடம் அவன்கூட உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனைப் பிடுங்கிவிட்டேன், அவ்வளவு ஆபாசம். குழந்தைகள் ஆசையாகப் பார்க்கிற உருவங்களை இப்படி அசிங்கப்படுத்தலாமா? இதையெல்லாம் தடை செய்ய வேண்டாமா?

– ஒரு வாசகர், உசிலம்பட்டி

தம்பிக்கு,

போனைப் பிடுங்கியது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பையன் பார்த்தது ‘ட்ரான் டுகெதர்’ தொடராகத்தான் இருக்க வேண்டும். 2004 முதல் 2007 வரை அமெரிக்காவில் காமெடி சென்ட்ரல் சேனலில் வந்தது, பெரியவர்களுக்கென்றே எடுத்தது. பழைய கார்ட்டூன்களின் சாயலில் எட்டுப் பேரை ஒரு வீட்டில் அடைத்து, நம் பிக் பாஸ் மாதிரி சுற்றிலும் கேமரா வைத்து, அவர்கள் போடும் சண்டையையும் கூத்தையும் காட்டுவார்கள்.

ஆனால் தடை என்கிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. உசிலம்பட்டிக்காரர் வள்ளி திருமணம் நாடகம் பார்க்காமல் வளர்ந்திருக்க முடியாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக்கொடுத்த அந்த நாடகம் நம் பக்கத்துச் சனங்களுக்குப் பாதி சாமி கும்பிடுகிற மாதிரி. அதில் முருகன் வருவதற்கு முன்னால் மேடை யாருக்கு? நாடகக் கோமாளியான பபூனுக்கு. எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு வந்த ஒரு பபூன் மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், ஆர்மோனியக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டார், அடுத்த நிமிடமே டான்ஸ்காரப் பெண்ணோடு அவர் ஆரம்பித்த பேச்சை இங்கே எழுத முடியாது. என் அப்பத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அதே அப்பத்தாதான் விடியக்காலம் வள்ளியும் முருகனும் தர்க்கம் பாடும்போது கையெடுத்துக் கும்பிட்டது. பபூன் பேசியதால் முருகனுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

அப்புறம், குழந்தைகள் பார்க்கிற உருவங்கள் என்கிறீர்கள். அந்த வீட்டில் எல்லோரும் கலரில் இருக்க, ஒரு குண்டுப் பெண் மட்டும் கறுப்பு வெள்ளையிலேயே திரிவாள், கவனித்தீர்களா? அவள் பெயர் டூட். பெட்டி பூப் என்ற பழைய கார்ட்டூன் பெண்ணின் நகல் அவள். அந்த பெட்டி பூப் 1930இல் பிளைஷர் ஸ்டூடியோ படத்தில் முதன்முதலாக வந்தபோது பாதி நாய், பாதி பெண். தொங்குகிற நாய்க்காதுகள் அவளுக்கு. இரண்டு வருடத்தில் அந்தக் காதுகள்தான் வளையக் கம்மல்களாக மாறின. குட்டைப் பாவாடையும் தொடைப் பட்டியுமாக சினிமாக் கொட்டகையில் பெரியவர்களுக்காக ஆடியவள் அவள். 1934இல் ஹாலிவுட் தணிக்கை இறுகிய பிறகுதான் பாவாடை நீண்டது, கழுத்து மூடியது. 1950களில் அந்தப் படங்களை டிவிக்கு விற்றார்கள், பிள்ளைகளும் பார்த்தார்கள். இன்று நாம் குழந்தைகளுடையது என்று நினைக்கிறவளுக்கு ஆரம்பம் இதுதான்.

அதற்காக அந்தத் தொடரை முழுக்கத் தூக்கிப் பிடிக்க மாட்டேன். பிக்காச்சு மாதிரி வருகிற லிங்-லிங்கை வைத்து ஆசியக்காரர்களின் பேச்சையும் பழக்கத்தையும் கேலி செய்வது எனக்குப் பிடிக்கவே இல்லை. கார்ட்டூனைக் கிண்டல் செய்ய வந்தவர்கள் அங்கே மனுசரைக் கிண்டல் செய்கிறார்கள். நம் பபூன் ஒருவர் சாதியையும் ஊனத்தையும் இழுத்தாலும் நான் எழுந்து போய்விடுவேன்.

உங்கள் வீட்டில் நடந்தது வேறு கோளாறு. பபூனுக்கு நேரம் உண்டு. அவர் வாயைத் திறக்கும்போது மேடைக்கு முன்னால் சாக்கு விரித்துப் படுத்த பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருக்கும், மீதியை யாராவது ஒரு அத்தை தட்டித் தூங்கவைக்கும். போனில் ராத்திரி பதினொரு மணியும் கிடையாது, அந்த அத்தையும் கிடையாது. கோடு போட்டு வரைந்த படம் என்றாலே பிள்ளைகளுக்கானது என்று நாம் நம்பிக் கொடுத்துவிடுகிறோம்.

பிடுங்கியதோடு விட்டுவிடாதீர்கள். ஏன் பிடுங்கினீர்கள் என்று பையனிடம் சொல்லுங்கள், பதினோரு வயதுக்கு அது புரியும். பெட்டி பூப் முதலில் தலைகாட்டிய அந்தப் படத்தின் பெயர் ‘டிஸி டிஷஸ்’, ஆறேழு நிமிடம்தான். நீங்கள் முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த நாய்க்காதுகளைக் காட்டுங்கள்.