சிங்கப்பூர் வெக்கையில் கிறிஸ்துமஸுக்கு ஸ்டைலான பின்னலாடை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இந்த ஊரில் கிறிஸ்துமஸுக்கு ஸ்வெட்டர் போட்டால் நன்றாக இருக்குமா, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் டிசைனைப் பார்க்கும் முன் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள்.

டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. விடாமல் பெய்கிற நாளில் 23, 24 டிகிரிக்கு இறங்கும், மழை விட்டதும் 30ஐத் தொடும். ஆனால் பண்டிகையில் பாதி நேரம் நாம் இருப்பது எம்ஆர்டி ரயிலிலும் ஆர்ச்சர்ட் ரோடு கடைத்தொகுதிகளிலும் உணவகத்திலும், அதாவது ஏர்கானில். வீடிருக்கும் அடுக்குமாடி புளோக்கிலிருந்து ஸ்டேஷன் வரை வியர்க்காமல் நடக்கவும் வேண்டும், உள்ளே இரண்டு மணி நேரம் நடுங்காமல் உட்காரவும் வேண்டும்.

கலைமான், பனித்துளி போட்டு மலிவாக வரும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை அக்ரிலிக் என்ற செயற்கை இழை. அது வியர்வையை உறிஞ்சாது, வாடை பிடித்துக்கொள்ளும், அக்குள் பக்கம் சீக்கிரம் குட்டிக் குட்டி நூல் உருண்டை கட்டும். பருத்திதான் நமக்கு முதல் தேர்வு. கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் மெல்லிய மெரினோ கம்பளி எடுங்கள். கம்பளியா என்று பயப்பட வேண்டாம், மெரினோ இழை மிக நுண்ணியது, அதனால் குத்தாது, ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வாடையும் லேசில் வராது. மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழை உடம்பில் வழுக்கி விழுகிற மாதிரி அழகாக இருக்கும், ஆனால் நனைந்தால் நீண்டுவிடும், நம் மழைக்கு ஒத்துவராது.

அடுத்தது பின்னலின் அடர்த்தி. திருப்பூர்க்காரர்கள் கேஜ் என்பார்கள், ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்ற கணக்கு. 12, 14 கேஜ் மெல்லியது, 5, 7 தடிமன். கடையில் இதையெல்லாம் எழுதியிருக்க மாட்டார்கள், அதனால் துணிக்குள் கையை விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், விரல்களின் உருவம் தெரிந்தால் இங்கே போடலாம். அயர்லாந்தின் அரன் தீவுகளில் பேர்பெற்ற அந்தக் கயிறு முறுக்கிய பின்னலுக்கு நூல் அதிகம் செலவாகும், எடை கூடும். ஸ்காட்லாந்தின் ஷெட்லண்ட் தீவுகளிலிருந்து வந்த ஃபேர் ஐல் வகை வண்ண வரிசையும் அப்படித்தான், முன்பக்கம் தெரியாத நிற நூல் பின்பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் துணி கிட்டத்தட்ட இரண்டு அடுக்காகிவிடும். அந்த அழகு வேண்டுமென்றால் கழுத்தைச் சுற்றியோ கைப்பட்டையிலோ மட்டும் வரிசை உள்ளதாக எடுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, மெல்லிய ரிப் பின்னல் (நெடுக மேடும் பள்ளமுமாகக் கோடு ஓடும் பின்னல்) டாப்பைச் சேலைக்கு ரவிக்கையாகப் போடுவது. ஓஃபியர் ரோடு லூர்து அன்னை ஆலயத்துக்கோ வேறெந்தக் கோயிலுக்கோ நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகும்போது, அடர்பச்சை முழுக்கை ரிப் டாப்பும் அரக்குக் கரை போட்ட பருத்திச் சேலையும் எவ்வளவு எடுப்பாக இருக்கும் தெரியுமா! டாப் இடுப்பளவில் நின்று உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் கொசுவம் உப்பிக்கொள்ளும். கழுத்து ஏறியிருந்தால் நெக்லஸ் வேண்டாம், ஜிமிக்கி போதும். ஆண்களுக்கு அரைக்கைப் பின்னல் போலோ, நாவல்பழ நிறத்திலோ கிரீமிலோ. குழந்தைகளுக்குப் பட்டன் வைத்த பருத்திக் கார்டிகன் வாங்குங்கள், வெளியே வந்ததும் கழற்றிப் பைக்குள் போட்டுவிடலாம்.

அப்புறம், துவைத்ததும் மூங்கில் கம்பில் கோத்துக் காயப்போடாதீர்கள். ஈர எடையில் தோளும் கையும் இழுபட்டு வடிவமே போய்விடும். துண்டில் சுருட்டித் தண்ணீரை அழுத்தி எடுத்துவிட்டு, துணிக்கொடி ஸ்டாண்டின் மேல் தட்டையாக விரித்து, மழை நாளானால் மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். அலமாரியிலும் ஹேங்கரில் மாட்டாமல் மடித்தே வையுங்கள், பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று இருக்கட்டும், இந்த ஊர்ப் புழுக்கத்தில் கம்பளியும் பருத்தியும் சீக்கிரம் பூசணம் பிடிக்கும்.