எல்விஸ் போன பிறகு மண்டபத்தைக் கூட்டுவது யார்?

கேள்வி: எனக்கு 22 வயது. நண்பர்களோடு சேர்ந்து ரொக் இசைக்குழு ஒன்றில் கிற்றார் வாசிக்கிறேன். அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன்னோடு கோயிலுக்கு வா என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். யூ2 குழுவின் பொனோ கடவுளை நம்புகிறார், மத அமைப்புகளை நம்புவதில்லை. என் கொள்கையும் அதுதான். மனிதரைப் பிரித்ததைத் தவிர மதம் வேறென்ன செய்தது? தவிர, வெள்ளி இரவு 7 மணிக்கு எங்களுக்கு ஒத்திகையும் இருக்கிறது. இதையெல்லாம் அம்மாவுக்கு நீங்களே விளங்கப்படுத்துவீர்களா?
ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: அம்மாவுக்கு விளங்கப்படுத்துவது கிடக்கட்டும் தம்பி. பொனோவைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். அவரை முதலில் விசாரிப்போம். எனக்கென்னவோ அந்தச் சாட்சி முழுக்க உங்கள் பக்கம் பேசாது போலத்தான் தெரிகிறது.

ஆள் 1960இல் டப்ளினில் பிறந்தவர். அப்பா கத்தோலிக்கர், அம்மா புரட்டஸ்தாந்துக்காரர். அன்றைய அயர்லாந்தில் அது லேசான சங்கதி இல்லை. 14 வயதில் தாயை இழந்தார். தன் தகப்பனின் செத்தவீட்டில் மயங்கி விழுந்த அந்தத் தாய் பிறகு எழும்பவேயில்லை. 1976இல் பள்ளிக்கூடத்துப் பொடியன்களாகச் சேர்ந்து குழு தொடங்கினார்கள். கொஞ்சம் பெயர் வரத் தொடங்கிய நேரம் அவர்களில் மூன்று பேர் (பொனோ, கிற்றார் வாசிக்கும் எட்ஜ், டிரம்ஸ் அடிக்கும் லரி மலன்) ஷாலோம் என்ற ஜெபக்குழுவில் சேர்ந்தார்கள். பேஸ் கிற்றார் அடம் கிளேட்டன் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜெபமும் வேதவாசிப்பும் பிடித்துத்தான் இருந்தன. ஆனால் ரொக் பாட்டும் தேவனும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது என்ற கதை அங்கே மெல்ல மெல்ல வந்தது. 1981இல், இரண்டாவது இசைத்தட்டு வரும் காலத்தில், எட்ஜ் கிற்றாரைக் கீழே வைத்துவிட முடிவெடுத்தார். நீ போனால் நானும் போகிறேன் என்றார் பொனோ. மனேஜர் போல் மக்கினஸிடம் போய்ச் சொல்லியும் விட்டார்கள். அவர் வேதம் ஒன்றும் பேசவில்லை. கையெழுத்து வைத்த கச்சேரிகள் இருக்கின்றனவே, கொடுத்த வாக்கை முறிக்கச் சொல்லியா கடவுள் சொல்கிறார் என்ற மாதிரி ஒரு கேள்வியைத்தான் போட்டார். பொடியன்கள் கச்சேரிக்கு வெளிக்கிட்டார்கள். அப்புறம் ஷாலோமை விட்டார்கள். நம்பிக்கையை விடவில்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அவரிடம் ஒரு சபை அவருடைய உயிரைக் கேட்டது. அவர் அதைக் கொடுக்கும் விளிம்பு வரை போய்த் திரும்பியவர். உங்களிடம் யார் கிற்றாரைக் கேட்டது? அம்மா கேட்பது வெள்ளிக்கிழமையில் ஒரு மணித்தியாலம். காலி வீதி நெரிசலையும் சேர்த்தால் ஒன்றரை.

சரி, பகிடியை விடுவோம். மத அமைப்பு மனிதரைப் பிரித்தது என்கிறீர்கள். அதை மறுக்க எனக்கு வாயில்லை. 1987 நவம்பர் 8ஆம் திகதி, கத்தோலிக்கர் புரட்டஸ்தாந்துக்காரர் என்று பிளவுபட்டுக் கிடந்த வட அயர்லாந்தின் எனிஸ்கில்லனில், போரில் இறந்தவர்களை நினைவுகூர நின்ற சனத்துக்கு நடுவே குண்டு வெடித்தது. அன்றிரவு அமெரிக்காவின் டென்வரில் மேடையேறிய பொனோ பாட்டை நடுவில் நிறுத்தி, அந்தக் கொலைகளை வாயாரத் திட்டினார். இங்கே நம் ஊருக்கு அயர்லாந்து வரை போகவேண்டிய தேவையே இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைத் தேவாலயத்தில் குண்டு வெடித்ததை உங்கள் வயதுக்காரரும் மறந்திருக்க மாட்டீர்கள். கோயில் நிர்வாகங்கள் எனக்கும் தெரியும். சாமியின் பெயரை விடப் பெரிய எழுத்தில் தரைக்கு டைல் போட்டவரின் பெயரைப் பொறித்த மண்டபத்தில் நானே நின்றிருக்கிறேன். திறப்பு யார் கையில் என்ற சண்டையில் இரண்டு கட்சி வழக்காடிக்கொண்டிருக்க, பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டு வந்ததும் உண்டு. (எந்தக் கோயில் என்று கேட்டு எழுதாதீர்கள். அந்த இரண்டு கட்சியும் இந்தப் பத்திரிகை வாசிப்பவர்கள்.)

ஆனால் உங்கள் சாட்சியின் அடுத்த வாக்குமூலத்தையும் கேளுங்கள். 1983இல் வெளிவந்த மூன்றாவது இசைத்தட்டைப் பதிவுசெய்துகொண்டிருந்த நேரம். கடைசிப் பாட்டு இன்னும் பதிவாகவில்லை. ஸ்டூடியோவில் அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் முடிகிறது, அடுத்த குழு வாசலில் வந்து நிற்கிறது, அடம் கிளேட்டன் வீட்டுக்கே போய்விட்டார். பேஸ் கிற்றாரை எட்ஜ் எடுத்துக்கொண்டார். வரிகளுக்கு? பொனோ பைபிளைத் திறந்து 40ஆம் சங்கீதத்தை எடுத்தார். சேற்றுக் குழியில் கிடந்தவனைத் தூக்கிக் கன்மலை மேல் நிறுத்திய கடவுளைப் பற்றியது அது. பாட்டுக்குப் பெயரும் வெறும் '40'தான். பல வருடமாக அவர்களுடைய கச்சேரிகள் அதோடுதான் முடிந்தன. ஒவ்வொருவராக மேடையை விட்டு இறங்குவார்கள், கடைசியில் லரி மலனும் டிரம்ஸை விட்டு எழும்பிப் போவார். சனம் மட்டும் விடாமல் பாடிக்கொண்டே இருக்கும். இதுவரை காணாதவர் அந்த ஒளிப்பதிவைத் தேடிப் பார்க்கலாம். நம்மூர் பஜனைக்கும் அதற்கும் உடுப்பில் மட்டும்தான் வித்தியாசம்.

அந்த 40ஆம் சங்கீதம் எங்கிருந்து வந்தது தம்பி? தனிமனித நம்பிக்கை எதுவும் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஒரு பாட்டைக் காப்பாற்றி வைக்காது. யூத ஆலயங்களில் ஓதினார்கள், மடங்களில் துறவிகள் விரல் வலிக்கப் பிரதி எடுத்தார்கள், ஞாயிறுதோறும் கொட்டாவி விட்டுக்கொண்டு யாரோ வாசித்தார்கள். எல்லாம் நீங்கள் வேண்டாம் என்கிற அந்த அமைப்புத்தான்.

நம்மிடமும் இதே கதை உண்டு. தேவார ஏடுகள் தில்லையில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தனவாம். மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்றார்களாம் தில்லைவாழ் அந்தணர்கள். ராஜராஜன் மூவரின் திருவுருவங்களையும் கொண்டுபோய் நிறுத்திக் கதவைத் திறப்பித்தால், உள்ளே பாதிக்கு மேல் கறையான் தின்றிருந்ததாம். மரபு சொல்லும் கதை, கல்வெட்டுச் சாட்சி இல்லை. எனக்கு அந்தக் கதை பிடிப்பதே அது கோயிலுக்கு வக்காலத்து வாங்காததால்தான். பூட்டி வைத்துச் செல்லரிக்க விட்டவர்களும் அவர்கள்தான். மிஞ்சியதை இன்றுவரை ஓதி ஓதி உங்கள் அம்மாவின் வாய் வரை கொண்டுவந்து சேர்த்ததும் ஓதுவார்களும் கோயில்களும்தான்.

பொனோ ஒரு பேட்டியில் சொன்னது பிரசித்தம்: எல்விஸ் அரங்கத்தை விட்டுப் போவதைப் போலக் கடவுள் புறப்பட்டுப் போன பிறகு மிஞ்சுவதுதான் பெரும்பாலும் மதம் என்று. எல்விஸ் பிரெஸ்லியின் கச்சேரி முடிந்தும் ரசிகர்கள் கலையாமல் நின்றால், 'எல்விஸ் போய்விட்டார்' என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்களாம். அருமையான உவமை. ஆனால் எல்விஸ் போன பிறகும் அங்கே ஆட்கள் இருப்பார்கள். நாற்காலி அடுக்க ஒருவர், போத்தல் பொறுக்க ஒருவர், தும்புத்தடியோடு ஒருவர். அவர்கள் இல்லாவிட்டால் நாளைக்கு எல்விஸ் வந்தாலும் பாட இடம் இராது. இதைச் சொன்ன பொனோவே 2023இல் லாஸ் வேகாஸில் ஸ்பியர் என்ற புத்தம் புதிய உருண்டைக் கட்டடத்தைத் திறந்துவைத்து அடுத்த வருடம் வரை 40 கச்சேரி செய்தார். கட்டடத்தின் அருமை அவருக்குத் தெரியாதா என்ன!

இன்னொன்றும் தெரியும் அவருக்கு. ஏழை நாடுகளின் கடனை ரத்துச் செய்யச் சொல்லி ஜூபிலி 2000 இயக்கம் நடந்தபோது அவர் அதன் முன்வரிசையில் நின்றார். ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை அடிமைகளையும் அடகு நிலங்களையும் விடுவிக்கச் சொல்லும் பைபிள் சட்டத்திலிருந்து எடுத்த பெயர் அது. 1998 மே மாதம் பேர்மிங்காமில் உலகத் தலைவர்கள் கூடியபோது சுமார் 70,000 பேர் கைகோத்துச் சங்கிலியாக நின்றார்கள். அதில் பெரும்பங்கு சேர்ச்சுகள் திரட்டிய கூட்டம். அடுத்த வருடம் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரைச் சந்தித்தபோது, பாப்பரசர் பொனோவின் நீலக் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தார் என்பது துணுக்குச் செய்தி. அந்த வயோதிபரின் ஒரு சொல் எத்தனை நிதியமைச்சர்களின் காதில் விழும் என்ற கணக்கோடுதான் பொனோ அங்கே போயிருப்பார் என்பது என் ஊகம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த நாட்டில் இருந்துகொண்டு நானும் நீங்களும் இதைச் சின்ன விஷயம் என்று தள்ளமுடியாது.

போன செவ்வாய் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குள் நின்றேன். குண்டு வெடித்து, அதே வருடம் ஜூனில் திருத்தித் திறந்த அதே இடம். எனக்கு முன்னால் ஓர் அம்மா, நெற்றியில் திருநீறு, தலையில் வாடிய மல்லிகை, கையில் மெழுகுதிரிக் கட்டு. சுருவத்தின் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு முகத்தில் ஒற்றிக்கொண்டார். ஞானஸ்நானம் பெற்றவரா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. இதைவிடத் தனிப்பட்ட நம்பிக்கை என்ன இருக்கிறது? அதற்கும் யாரோ ஒருவர் காலையில் வந்து அந்தக் கதவைத் திறக்கவேண்டியிருந்தது.

நீங்கள் கும்பிடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது உங்கள் பாடு. வெளியே படியில் உட்கார்ந்து அடுத்த பாட்டுக்கு மெட்டு யோசித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. கொள்கை என்று மட்டும் சொல்லாதீர்கள், பஞ்சி என்று சொல்லுங்கள், நம்புகிறேன். சாயங்காலப் பூசை ஆறரைக்குள் முடிந்துவிடும். அம்மாவை ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போனாலும் ஏழுக்கு ஒத்திகையில் நிற்கலாம். எப்படியும் உங்கள் டிரம்ஸ்காரர் அரை மணித்தியாலம் பிந்தித்தான் வருவார்.