தின்றது யார்?

கேள்வி: அமெரிக்காவின் கன்சாஸ், ஒக்லஹோமா புல்வெளிகளில் ‘ராட்சதப் புல்வெளிச் சில்வண்டு’ என்று ஒன்று இருக்கிறதாமே? 17 ஆண்டு மண்ணுக்குள் தூங்கிவிட்டுப் படையாகக் கிளம்பி, வயலையே மொட்டையடித்துவிடும் என்கிறார்கள். மருந்தடித்து ஒழிக்காமல் அந்த அரசு என்னதான் செய்கிறது?

பதில்: இரண்டு பூச்சிகள் மீதான வழக்கை மூன்றாவதின் தலையில் கட்டிவிட்டீர்கள்.

17 ஆண்டுக் கணக்கு மாஜிசிகாடா என்ற வேறு சில்வண்டுக் கூட்டத்துடையது. அதிலும் சில வகைகளுக்கு 13 ஆண்டுதான். நீங்கள் கேட்கும் மெகாடிபிசன் டோர்சாடஸ் வருடா வருடம் கோடையில் தலைகாட்டுகிற வண்டு. உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். பெயரில்தான் ராட்சதம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மண்ணுக்குள் அது தூங்குவதும் இல்லை. குஞ்சுகள் வேர்களில் ஓடும் நீர்த்த சாற்றை உறிஞ்சிக்கொண்டே கிடக்கின்றன. அதில் சத்து மிகக் குறைவு, அதனால் வளர்வது மெதுவாகத்தான். வெளியே வந்த பிறகும் உறிஞ்சும் குழல்தான் வாய். இலையைக் கடித்துத் தின்ன அதற்குத் தாடையே கிடையாது, ஐயா.

வயலை மொட்டையடித்தது ராக்கி மலை வெட்டுக்கிளி. 1870களில் வானத்தை மறைத்துக்கொண்டு வந்து விவசாயிகளைக் கதறவைத்தது. அது கடைசியாக உயிரோடு பிடிபட்டது 1902இல். இப்போது இனமே இல்லை. ஒழிக்கச் சொல்கிறீர்களே, அது ஒழிந்து நூறாண்டு தாண்டிவிட்டது.

சில்வண்டின் வீட்டைத் தின்றது யார் என்றும் கேட்டிருக்கலாம். 1837இல் ஜான் டீர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்தார். வேர் பின்னிக் கிடந்த அந்தப் புல்வெளி மண் அதற்கு வழிவிட்டது. உயர்புல் வெளியில் இன்று மிஞ்சியிருப்பது நூற்றுக்கு நாலு பங்கு கூட இல்லை. அதிலும் பெரிய துண்டு கன்சாஸின் ஃபிளின்ட் குன்றுகளில் இருக்கிறது. யாருடைய கருணையாலும் அல்ல. மேல்மண்ணுக்குக் கீழே உடனே கல், கலப்பை இறங்கவில்லை. அங்கே சுமார் 11,000 ஏக்கரை 1996இல்தான் தேசியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். அரசு என்ன செய்கிறது என்றீர்களே, அதைச் செய்கிறது. கொஞ்சம் தாமதம்தான்.

இன்னொன்று. இந்த வண்டுக்கு அச்சு அசலாக ஓர் இரட்டை உண்டு. அது தனி இனம் என்று 2008இல்தான் ஜெஃப்ரி கோல் என்ற ஆய்வாளர், ஆண் வண்டின் பாட்டையும் மரபணுவையும் வைத்துப் பிரித்துக் காட்டினார். கண்ணெதிரே பாடுவது ஒரு இனமா, இரண்டா என்பதே நேற்றுத்தான் தெரிந்தது. அதற்குள் மருந்து டப்பாவைத் தூக்கினால் எப்படி?