பருவம், சினை, கன்று: மாடு வளர்ப்போர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கொம்பை வைத்துக் காளையா பசுவா என்று சொல்லிவிடலாமா? பிறந்த கன்றை எப்படி அடையாளம் காண்பது?

கொம்பை நம்பாதீர்கள். பல இனங்களில் பசுவுக்கும் கொம்பு உண்டு. சில இனங்களில் காளைக்கே கிடையாது. கன்றின் வாலைத் தூக்கிப் பாருங்கள். ஆசனவாய்க்கு நேர் கீழே இன்னொரு துவாரம் இருந்தால் கிடேரி, அதாவது பெண் கன்று. காளைக்கன்றுக்குச் சிறுநீர்த் துவாரம் வயிற்றுக்கு அடியில், தொப்புளுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். பின்னங்கால்களுக்கு இடையில் விதைப்பையும் கைக்குத் தட்டுப்படும். சின்னக் காம்புகள் இரண்டுக்குமே உண்டு என்பதால் அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

வளர்ந்த பிறகு காளைக்குக் கழுத்து தடிக்கும், முன்பாகம் கனக்கும். சின்ன வயதிலேயே காயடித்துவிட்டால் அந்தத் தடிப்பு அவ்வளவாக வராது.

கேள்வி: மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. மலட்டு மாடு என்று விற்றுவிடச் சொல்கிறார்கள்.

தயவுசெய்து அவசரப்பட்டு விற்காதீர்கள். இப்படிச் சொல்லப்படும் மாடுகளில் கணிசமானவற்றுக்கு உடம்பில் ஒரு குறையும் இருக்காது. சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல், போட்ட நேரம்தான் தவறாக இருக்கும்.

பசு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு, அதாவது இணைசேரத் தயாரான நிலைக்கு, வரும்; 18 முதல் 24 நாள் வரை இயல்புதான். அந்தப் பருவம் ஏறக்குறைய 12 முதல் 18 மணி நேரமே நீடிக்கும். கருமுட்டை வெளிவருவதோ பருவம் அடங்கி 10 முதல் 14 மணி நேரம் கழித்து. முட்டைக்கு ஆயுள் சில மணி நேரம்தான். அதனால் காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் ஊசி போட வேண்டும்.

சரி, பருவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மற்ற மாடு மேலே தாவும்போது விலகாமல் அசையாமல் நிற்கிறதே, அதுதான் பருவத்தில் இருக்கும் மாடு. தாவுகிற மாடு பருவத்தில் இல்லாமலும் இருக்கலாம். தனியாகக் கட்டியிருந்தால் இந்த அடையாளம் கிடைக்காது. கத்தல், பால் குறைவது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, பிறப்புறுப்பிலிருந்து விளக்கெண்ணெய் போலத் தெளிவாகத் தொங்கும் வழும்பு (சளி போன்ற திரவம்) ஆகியவற்றைக் கவனியுங்கள்.

கத்தாமலே பருவம் கடக்கும் மாடுகளும் உண்டு. 'பருவத்துக்கே வரவில்லை' என்று என்னிடம் காட்டிய ஒரு பசுவின் வாலடியில், நத்தை ஊர்ந்த தடம் மாதிரி ஒரு கோடு காய்ந்து பளபளத்தது. முந்தைய நாள் ஒழுகிய வழும்பு அது. பருவம் வந்துதான் போயிருந்தது, பார்க்க ஆள் இல்லை. விடிகாலையிலும் படுக்கப் போகும் முன்பும் தினமும் 20 நிமிடம் மாட்டின் பக்கத்தில் நில்லுங்கள், தேதியைக் குறித்து வையுங்கள். நேரம் சரியாக இருந்தும் நிற்கவில்லை என்றால், அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் கருப்பையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஊசி போட்ட இரண்டாம் நாள் இரத்தம் வந்தது. கலைந்துவிட்டதா?

இல்லை. பருவம் முடிந்து 1 முதல் 3 நாளுக்குள் கொஞ்சம் இரத்தம் கசிவது இயல்பு, இன்னும் ஈனாத கிடேரிகளில் இன்னும் அதிகம். சினை நின்றதா இல்லையா என்பதை அது சொல்லாது.

கேள்வி: எங்கள் பசு காளைக்கன்றாகவே போடுகிறது. மாட்டை மாற்றலாமா?

பசுவின் மேல் பழி போடாதீர்கள். கருமுட்டையில் இருப்பது எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். விந்தணு எக்ஸ் கொண்டுவந்தால் கிடேரி, ஒய் கொண்டுவந்தால் காளை. ஒவ்வொரு ஈற்றிலும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. கிடேரிதான் வேண்டும் என்றால் பாலினம் பிரித்த உறைவிந்து இருக்கிறது. அதில் சுமார் 90 சதவீதம் கிடேரி கிடைக்கும். சினை பிடிக்கும் வாய்ப்பு கொஞ்சம் குறைவு என்பதால் நல்ல உடல்நிலையில் உள்ள, இன்னும் ஈனாத கிடேரிக்குப் போடுவதே நல்லது.

கேள்வி: இரட்டைக் கன்று, ஒன்று காளை, ஒன்று கிடேரி. கிடேரி சினை பிடிக்குமா?

பெரும்பாலும் பிடிக்காது. இது வருத்தமான விஷயம்தான், ஆனால் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கருப்பையில் இரண்டு கன்றுகளின் நஞ்சுக்கொடி இரத்தக்குழாய்களும் இணைந்துவிடுவதால், காளைக்கன்றின் ஹார்மோன்கள் கிடேரிக்குள் போய் அதன் கருப்பை வளர்ச்சியைக் கெடுக்கின்றன. இப்படிப் பிறக்கும் கிடேரிகளில் 100-க்கு 90-க்கும் மேல் மலடு. இரண்டு வருடம் தீனி போட்டுக் காத்திருக்காமல் கன்றிலேயே சோதித்துவிடுங்கள். இரண்டும் கிடேரியாக இருந்தால் கவலையே இல்லை.

கேள்வி: சினைக்காலம் எத்தனை நாள்? எப்போது மருத்துவரைக் கூப்பிட வேண்டும்?

சராசரியாக 280 நாளை ஒட்டி. காளைக்கன்று என்றால் ஓரிரு நாள் கூடலாம். ஈனும்போது முன்னங்கால் இரண்டும், அவற்றின் மேல் மூக்கும் தெரிந்தால் கன்று சரியான வாக்கில் வருகிறது. ஒரு கால் மட்டும் தெரிந்தாலோ, வால் முதலில் வந்தாலோ, பன்னீர்க்குடம் உடைந்து ஒரு மணி நேரம் முக்கியும் முன்னேற்றமே இல்லை என்றாலோ, கயிறு கட்டி இழுக்காதீர்கள். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.