வளர்ந்தது குற்றமா? – கடிதம்

வணக்கம் ஐயா,

பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் மீது அரசுகள் போட்டிச் சட்டத்தைக் கையிலெடுப்பதை ஆதரித்து எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. கூகுளைப் பயன்படுத்தும்படி யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. நன்றாக இருக்கிறது, காசும் கேட்பதில்லை. உழைத்து மேலே வந்தவனைப் பார்த்து ‘நீ அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டாய்’ என்று அபராதம் போடுவது, எதற்கும் அரசு அனுமதி வாங்க வேண்டியிருந்த லைசென்ஸ் ராஜ் காலத்துப் புத்தி அல்லவா? இன்றைக்கு சாட்ஜிபிடி வந்து கூகுளையே ஆட்டிப் பார்க்கிறது. சந்தை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். அரசின் கையில் தடியைக் கொடுத்தால் அது யார் முதுகில் விழும் என்பது உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் கூகுளில்தானே தேடுகிறீர்கள்?

ரா.,
கோயம்புத்தூர்

அன்புள்ள ரா. அவர்களுக்கு,

கூகுளில்தான் தேடுகிறேன். அதைவிட நல்ல தேடுபொறி எனக்குத் தெரிந்து இல்லை. கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று 2024 ஆகஸ்டில் வாஷிங்டனில் தீர்ப்பளித்த நீதிபதி அமித் மேத்தாவும் அதன் தரத்தை மெச்சியே எழுதியிருக்கிறார். அந்த வழக்கு தரத்தைப் பற்றியதல்ல. ஆப்பிள், சாம்சங் போன்றவர்களுக்குப் பணம் கொடுத்து, போனைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தைப் போட்டியாளர்கள் நெருங்க முடியாமல் செய்ததைப் பற்றியது. 2021-இல் மட்டும் இதற்குக் கொடுத்தது 2,630 கோடி டாலர். கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லைதான். இவ்வளவு பணம் கைமாறிய பிறகு கத்திக்கு என்ன வேலை?

லைசென்ஸ் ராஜ் என்றீர்கள். அந்தக் காலத்துச் சட்டம் 1969-இல் வந்த ஏகபோகத் தடைச் சட்டம். பெருத்திருப்பதையே அது சந்தேகக் கண்ணோடு பார்த்தது. அதைத் தூக்கிப் போடத்தான் 2002-இல் போட்டிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் 4-ஆம் பிரிவுப்படி ஆதிக்கத்தில் இருப்பது குற்றமல்ல, அந்த ஆதிக்கத்தை வைத்துப் பிறரை நெரிப்பதுதான் குற்றம். வாரச்சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் கடைக்குக் கடை சுங்கம் வாங்கலாம். ‘என் சரக்கையும் சேர்த்து வைக்காதவனுக்கு உள்ளே இடமில்லை’ என்று சொல்லலாமா? ப்ளே ஸ்டோர் வேண்டுமென்றால் எங்கள் செயலிகள் மொத்தத்தையும் ஏற்றித்தான் போனை விற்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களிடம் சொன்னதற்காகத்தான் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

அபராதத் தொகையைப் பார்த்து நீங்கள் பதற வேண்டாம், நானும் மகிழப்போவதில்லை. கூகுளுக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. கவனிக்க வேண்டியது கூடவே வந்த கட்டளைகளை. அவற்றில் நான்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நீக்கிவிட்டது. இருந்தும், செயலிகளைத் தனித்தனியாகப் பெறும் வசதி தயாரிப்பாளர்களுக்குக் கிடைத்தது, தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது.

எனக்குக் கவலை வேறிடத்தில். அதே அக்டோபரில் இரண்டாவது உத்தரவு ஒன்றும் வந்தது. செயலிக்குள் பணம் வாங்க கூகுளின் வழியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. கூகுள் கீழ்ப்படிந்தது. வேறு வழியில் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் எங்கள் கமிஷன் 30 சதவீதத்துக்குப் பதில் 26 சதவீதம் என்றது. 15 கட்டுகிறவர்களுக்கு 11. அந்த நான்கு சதவீதத்தில் பணப்பரிமாற்ற நிறுவனத்தின் கட்டணம் போக மிஞ்சுவது சொற்பம். உத்தரவின் எழுத்து பிசகவில்லை, பயன்தான் இல்லை. (இப்படி ஒரு வக்கீல் எனக்கும் வாய்த்தால் தேவலை.)

சென்னையில் இருந்து இயங்கும், வரன் தேடும் செயலிகளை நடத்தும் மேட்ரிமோனி நிறுவனம் உட்படச் சிலர் இதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தர மறுத்தது. 2024 மார்ச் 1 அன்று அவர்களுடைய செயலிகளைக் கூகுள் ப்ளே ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டது. புதிதாக வரன் தேட வருகிறவருக்கு அந்தச் செயலி அங்கே கிடையாது. இவர்கள் கட்டணம் கட்டாமல் இருந்தார்கள் என்பது கூகுளின் வாதம். அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் இதே மேட்ரிமோனி நிறுவனம் கூகுளின் தேடல் முடிவுகள் பற்றி ஆணையத்திடம் 2012-இல் கொடுத்த புகாருக்கு உத்தரவு வந்தது 2018-இல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எடுக்கப்பட்ட செயலிகள் சில நாட்களில் திரும்பி வந்தன. எப்படி? ஆணையமோ நீதிமன்றமோ கொண்டுவரவில்லை. இதை அனுமதிக்க முடியாது என்று மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார், கூட்டத்துக்கு அழைத்தார், கூகுள் இறங்கிவந்தது. நீங்கள் அஞ்சும் தடி இதுதான், ரா. சட்டம் வலுவாக இருந்ததால் அது வெளியே வரவில்லை. சட்டம் ஊர்ந்துகொண்டிருந்ததால் வந்தது. அமைச்சருக்கு வேண்டாத ஒரு நிறுவனமாக இருந்திருந்தால் யார் கூப்பிட்டிருப்பார்கள்?

சந்தை சரிசெய்யும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. குரோம் உலாவியை விற்கச் சொல்ல 2025 செப்டம்பரில் மேத்தா மறுத்ததற்கு, செயற்கை நுண்ணறிவால் களம் மாறியதும் ஒரு காரணம். அது சரியென்றே நினைக்கிறேன். நிறுவனத்தை உடைப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் அதே தீர்ப்பு, கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் செயலியான ஜெமினிக்கும் பிறரை ஒதுக்கும் ஒப்பந்தம் போடக் கூடாது என்று தடுத்திருக்கிறது. இல்லாவிட்டால் சாட்ஜிபிடிக்கு எதிராகவும் அதே பழைய வேலிதான். காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு: மைக்ரோசாப்ட் மீது 1998 மே மாதம் வழக்குத் தொடுத்தார்கள், அதில் பேசப்பட்ட போட்டி உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப்பை அந்த நவம்பரிலேயே ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் விலைபேசிவிட்டது. சட்டத்தை மீறியது மைக்ரோசாப்ட் என்ற தீர்ப்பு 2000-இல் வந்தது.

ஆகவே, குற்றம் நடந்து ஆறு ஆண்டு கழித்து விசாரிப்பதைவிட, மிகப் பெரிய தளங்களுக்கு முன்கூட்டியே விதி வகுப்பது மேல். அதற்கான டிஜிட்டல் போட்டி மசோதா 2024 மார்ச்சில் வரைவாக வெளியானது, இன்னும் சட்டமாகவில்லை. எந்த நிறுவனத்துக்கும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அந்த வரைவு மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. அமைச்சரின் கை நுழையும் வழி அது. உங்கள் எதிர்ப்பை அந்தப் பிரிவின் மேல் காட்டினால் நானும் உங்களோடு கையெழுத்திடுகிறேன்.