சிடி கணக்கு ஒத்துவராதபோது: சொல்வதா, விடுவதா? கேள்வி பதில்

சிங்கப்பூரில் வார்டில் 31 ஆண்டுகள் தாதியாக இருந்தேன், கடைசிச் சில ஆண்டுகள் நர்ஸ் மேனேஜராக. ஃபென்டனில், மார்ஃபின் போன்ற கடும் வலிநிவாரணிகளைப் பூட்டி வைக்கும் கட்டுப்பாட்டு மருந்து அலமாரியின் சாவியைப் பல ஆண்டுகள் இடுப்பில் சுமந்திருக்கிறேன். இந்த மருந்துகளைத்தான் நாங்கள் சுருக்கமாகச் சிடி என்போம். கூட வேலை செய்பவர் மருந்தை எடுக்கிறாரோ என்ற சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரையும் வேலையிடத்தையும் எடுத்துவிட்டேன். நான் வழக்கறிஞர் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் வேலையில் தெரிந்துகொண்ட அளவுதான்.

கேள்வி: அக்கா, என்னோடு இரவு ஷிப்ட் பார்க்கும் சீனியர் ஒருவர் ஃபென்டனில் மீதியைக் கொட்டும்போது என்னைக் கூப்பிடுவதே இல்லை. காலையில் சிடி புத்தகத்தை நீட்டி, "சாட்சிக் கையெழுத்து மட்டும் போடும்மா" என்கிறார். நான்கு முறை போட்டுவிட்டேன். இது சோம்பலா, திருட்டா? (ஸ்டாஃப் நர்ஸ், ஜூரோங்)

பதில்: எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலையும் இல்லை. முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறையப் பேர் "நிரூபிக்க முடியாதே" என்று நினைத்தே வாயை மூடிக்கொள்கிறார்கள்.

ஒரு ஃபென்டனில் ஆம்பூலில், அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பியில், 2 மில்லியில் 100 மைக்ரோகிராம் இருக்கும். நோயாளிக்கு 50 போட்டால் மீதி 50 கையில் நிற்கிறது. அலமாரிக்கு இரண்டு பூட்டு, ஷிப்ட் மாறும்போது இரண்டு பேர் எண்ணுவது என்று எத்தனை காவல் வைத்தாலும், அந்த மீதி ஒரு மில்லிக்குக் காவல் பக்கத்தில் நிற்கும் இன்னொரு தாதியின் கண் மட்டுமே. அந்தக் கண்ணாக இருக்க வேண்டியவர் நீங்கள்.

இன்றிரவே நிறுத்துங்கள். "சிஸ்டர், நான் பார்க்கல, அதனால் போட முடியாது" என்று சொன்னால் போதும். சண்டை வேண்டாம், காரணம் விளக்கவும் வேண்டாம். அப்புறம் மேனேஜரிடம் போய் அந்த நான்கு கையெழுத்தையும் நீங்களாகவே சொல்லுங்கள். தேதி நினைவிருந்தால் தேதியோடு சொல்லுங்கள். இது கசக்கும், உங்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வரலாம். ஆனால் மூன்று மாதம் கழித்துத் தணிக்கையில் உங்கள் பெயர் வரிசையாக வந்து நின்றால், நீங்களும் கூட்டு என்றுதான் பார்ப்பார்கள். அந்தச் சீனியர் வெறும் சோம்பேறியாக இருந்தால், மேனேஜர் ஒருமுறை கண்டித்ததோடு முடிந்துவிடும். நல்லதுதானே.

கேள்வி: எவ்வளவு தூரம் போனால் சந்தேகம் நியாயமானது? சும்மா ஒருவர்மேல் பழி போட்டுவிடக் கூடாதே. (தெம்பனிஸ்)

பதில்: இந்தப் பயம் இருப்பது நல்லது. ஒரே ஒரு அடையாளத்தை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். அடிக்கடி கழிப்பறை போகிறவர் சர்க்கரை நோயாளியாக இருக்கலாம். ஓவர்டைம் கேட்டுக்கேட்டு வாங்குகிறவருக்கு வீட்டில் கடன் இருக்கலாம்.

பல அடையாளங்கள் ஒரே ஆளைச் சுற்றித் திரும்பத் திரும்ப வந்தால்தான் கவனிக்க வேண்டும். மாத்திரையோடு சமாளிக்கிற நோயாளிக்கு அவர் ஷிப்டில் மட்டும் ஊசி. டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர் பெயரில் எடுத்த மருந்து. அவர் கையில் மட்டும் அடிக்கடி உடையும் ஆம்பூல். ஓய்வு நாளிலும் வார்டுப் பக்கம் வந்து, "நான் வேணா சிடி எடுத்துத் தரவா?" என்று கேட்பது. இவற்றோடு, ஊசி போட்டதாகப் புத்தகம் சொல்லும், வலி குறையவே இல்லை என்று நோயாளி சொல்வார். இந்தக் கடைசி ஒன்றை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் ஜூனியராக இருந்தபோது, இடுப்பு எலும்பு அறுவை முடிந்த ஒரு தமிழ்ப் பாட்டி எங்கள் வார்டில் இருந்தார். "ஊசி போட்டாங்க கண்ணு, ஆனா வலி அப்படியேதான் இருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெத்திடின் என்ற வலி ஊசி கொடுத்ததாகச் சார்ட்டில் எழுதியிருந்தது. வயதானவர், தாங்கிக்கொள்ள முடியவில்லை என்று நானே முடிவு கட்டினேன். அதே வாரம் இன்னும் இரண்டு நோயாளிகள் அதையே சொன்னார்கள். மூன்று பேருக்கும் ஊசி போட்டது ஒரே ஆள், என் நெருங்கிய தோழி. எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் ஊழியர் கழிப்பறைக் கதவை உடைத்துத்தான் அவளைத் தூக்கினோம். பிழைத்துக்கொண்டாள். அந்தப் பாட்டி என் கையைப் பிடித்த பிடி இன்றும் எனக்கு மறக்கவில்லை. நான் அன்றே பேசியிருந்தால் அவர் எத்தனை இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

கேள்வி: என் தோழி மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் காஸ்வே தாண்டி வருகிறாள். மூன்று பிள்ளைகள், கணவருக்கு வேலை இல்லை. அவள் எடுப்பதை நான் கண்ணால் பார்த்தேன். சொன்னால் ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். முதலில் அவளிடமே பேசிப் பார்க்கலாமா? (உட்லண்ட்ஸ்)

பதில்: தங்கச்சி, உங்களுக்குப் பொய்யான ஆறுதல் சொல்ல மாட்டேன். இந்த ஊர்ச் சட்டம் கடுமையானது. அனுமதியில்லாமல் கட்டுப்பாட்டு மருந்தை வைத்திருந்தாலோ உட்கொண்டாலோ 10 ஆண்டுவரை சிறை, 20,000 சிங்கப்பூர் வெள்ளிவரை (டாலர்) அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். வேலை பார்க்கும் இடத்தில் திருடியதற்குத் தண்டனைச் சட்டத்தில் 7 ஆண்டுவரை தனியாக இருக்கிறது. வேலை அனுமதி போகும், தாதியர் பதிவும் போகலாம். உங்கள் பயத்தில் பொய் இல்லை.

ஆனாலும் சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறேன். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் எக்சிட்டர் என்ற ஊர் மருத்துவமனையில் 2012ல் வெளிவந்ததைக் கேளுங்கள். அங்கே இதயப் பிரிவில் இருந்த ஒரு தொழில்நுட்பர் ஃபென்டனில் ஊசிகளைத் திருடித் தனக்குப் போட்டுக்கொண்டு, அதே ஊசிகளில் வேறு திரவம் நிரப்பித் திரும்ப வைத்தார். அவருக்கு ஹெபடைடிஸ் சி என்ற, இரத்தத்தின் வழியே பரவும் கல்லீரல் நோய் இருந்தது. அவர் வேலை பார்த்த மாநிலங்களில் 40க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அது தொற்றியது. 2013ல் அவருக்கு 39 ஆண்டு சிறை. அதற்கு முன்பே வேறு மருத்துவமனைகளில் அவர்மேல் சந்தேகம் வந்து வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். எக்சிட்டருக்கு வரும்வரை யாரும் அவரைத் தடுக்கவில்லை.

உங்கள் தோழியின் உயிரையும் யோசியுங்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் தனியாக ஃபென்டனில் போட்டுக்கொள்பவருக்கு ஒருநாள் அளவு தப்பினால், சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு அம்மா வேண்டும்.

அவளிடம் முதலில் பேசாதீர்கள். பாசத்தில் தோன்றுகிற யோசனைதான், ஆனால் அநேகமாக அவள் மறுப்பாள், கெஞ்சுவாள், இனிமேல் மாட்டேன் என்று சத்தியம் செய்வாள், நீங்களும் நம்பிவிடுவீர்கள். நேராக மேனேஜரிடம் போங்கள். போகும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: "அவளைக் கூப்பிட்டு விசாரித்த பிறகு தனியாக அனுப்பாதீர்கள், யாராவது கூட இருக்கட்டும்." பிடிபட்ட அந்த முதல் சில மணிநேரம் மிகவும் ஆபத்தானது. அவமானத்தில் தன் உயிரையே மாய்த்துக்கொள்ளத் தோன்றும். தற்கொலைத் தடுப்பு உதவி தரும் எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767 என்ற எண் 24 மணி நேரமும் இருக்கிறது. அது அவள் கைக்குப் போய்ச் சேரட்டும். உண்மையான தோழியாக அவளுக்கு நீங்கள் செய்யக்கூடியது அதுதான்.

கேள்வி: ஆதாரத்துக்காகச் சிடி புத்தகத்தை போனில் படம் எடுக்கலாமா? அவருடைய நோயாளிகளின் கேஸ் குறிப்பைத் திறந்து பார்க்கலாமா? (ஹவ்காங்)

பதில்: கூடவே கூடாது. உங்கள் பொறுப்பில் இல்லாத நோயாளியின் குறிப்பை யார் திறந்தார்கள் என்பது கணினியில் பதிவாகும். கடைசியில் விசாரணை உங்கள்மேல் திரும்பிவிடும். லாக்கரையும் கைப்பையையும் துழாவாதீர்கள். நீங்களே கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் தேதி, நேரம், படுக்கை எண்ணோடு எழுதி மேனேஜரிடம் கொடுங்கள். நோயாளி பெயர் வேண்டாம். "திருடுகிறார்" என்று எழுதாதீர்கள். "இன்ன தேதி இரவு 3 மணிக்கு மீதியைச் சாட்சி இல்லாமல் எடுத்துப் போனதைப் பார்த்தேன்" என்று எழுதுங்கள். மற்றதை மருந்தகமும் தணிக்கையும் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: மேனேஜரே அவருக்கு நெருக்கம் என்றால்? (ஈசூன், முதியோர் இல்லம்)

பதில்: தாதிமைப் பிரிவு இயக்குநர், இல்லாவிட்டால் மருந்தகத் தலைவர். பெரிய நிறுவனங்களில் ரகசியமாகப் புகார் கொடுக்கத் தனி மின்னஞ்சலோ தொலைபேசியோ இருக்கும். ஊழியர் கையேட்டில் தேடுங்கள். உள்ளே யாரும் காது கொடுக்கவில்லை என்றால் சிங்கப்பூர் தாதியர் வாரியம், சுகாதார அமைச்சு. மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவை 1800-325-6666 என்ற எண்ணில் நேரடியாகவே அழைக்கலாம். போதைப்பொருள் தகவல் தருபவரின் அடையாளத்தைக் காக்கும் விதி போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது.

கேள்வி: நான் வேலை செய்யும் சின்ன கிளினிக்கில் சந்தேகம் டாக்டர்மேல்தான். (கிளினிக் உதவியாளர், தோ பாயோ)

பதில்: அங்கே உங்களுக்கு மேலே வேறு யாரும் இல்லை, அதனால் வெளியேதான் போக வேண்டும். சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் புகார் கொடுக்க சட்டப்படியான உறுதிமொழிப் பத்திரத்தோடு எழுத வேண்டியிருக்கும், உங்கள் பெயரும் அதில் இருக்கும். அதற்குத் தயக்கமாக இருந்தால் மேலே சொன்ன போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் எண்ணை அழையுங்கள்.

கேள்வி: நான் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் தஞ்சாவூரிலிருந்து வந்தவள். புகார் கொடுத்தால் என்னையே ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ? அவதூறு வழக்கு போடுவார்களோ? (புக்கிட் பாத்தோக்)

பதில்: புகார் கொடுப்பவர் எல்லாரையும் காக்கும் ஒரே பொதுச் சட்டம் இங்கே இல்லை. அதனால் எப்படிச் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பொறுப்பில் உள்ளவரிடம் நல்ல நோக்கத்தோடு சொன்ன புகாருக்கு அவதூறுச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதையே வாட்ஸ்அப் குழுவிலோ தேக்காவில் சாப்பிடும் இடத்திலோ பேசினால் அந்தக் காவல் போய்விடும். எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சுகாதாரச் சேவை ஊழியர் சங்கத்தில் சேர்ந்திருந்தால் அவர்களுக்கும் தெரியப்படுத்துங்கள். ஒருவேளை அநியாயமாக வேலையை விட்டு நீக்கினால், கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வேலைத் தகராறுகளைக் கவனிக்கும் டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பில் முறையிட வேண்டும். அந்த ஒரு மாதத்தைத் தவறவிடாதீர்கள், அழுதுகொண்டே ஊருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தலைவலிக்கு வார்டு இருப்பிலிருந்து இரண்டு பனடோல் எடுத்தாலும் புகார் சொல்ல வேண்டுமா?

பதில்: வேண்டாம். "எடுக்காதே" என்று நேரே சொல்லுங்கள், போதும். சிடி அலமாரியும் அதுவும் ஒன்றல்ல.

கேள்வி: வீட்டு அந்திமகாலப் பராமரிப்பில் இருக்கிறேன். நோயாளி இறந்த பிறகு மிஞ்சும், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டைகளையும் மார்ஃபின் மருந்தையும் என் கூட்டாளி "நானே அழித்துவிடுகிறேன்" என்று பையில் போட்டுக்கொள்கிறார்.

பதில்: வீட்டில் சாட்சிக்கு இன்னொரு தாதி இருக்க மாட்டார், குடும்பமோ துக்கத்தில் இருக்கும். அதனால்தான் இது எனக்குக் கவலையாக இருக்கிறது. பயன்படுத்திய பட்டையில்கூட நிறைய மருந்து மிஞ்சியிருக்கும். குடும்பத்தில் ஒருவர் முன்னால் எண்ணி, எழுதி, அவர் கையெழுத்தை வாங்கி, மருந்தகத்தில் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும் என்று குழுத்தலைவரிடம் கேளுங்கள். எல்லாருக்கும் பொதுவான விதியாகக் கேட்டால் யார்மேலும் விரல் நீட்டிய மாதிரி இருக்காது. அதற்குப் பிறகும் அவர் பையில் போட்டால், பார்த்ததைச் சொல்லுங்கள்.

கேள்வி: என் ஷிப்டில் ஒரு ஆம்பூல் குறைந்தது. நான் எடுக்கவில்லை. எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

பதில்: மனம் எவ்வளவு வேதனைப்படும் என்று தெரியும், தம்பி. புத்தகத்தில் எதையும் அடித்துத் திருத்தாதீர்கள், உங்கள் பணத்தில் வாங்கி ஈடுகட்டும் எண்ணமும் வேண்டாம். சம்பவ அறிக்கையை நீங்களே முதலில் எழுதுங்கள். சாவி யார் யாரிடம் எத்தனை மணிக்குக் கைமாறியது என்று நினைவில் இருக்கும்போதே குறியுங்கள். சிறுநீர்ப் பரிசோதனைக்குத் தயார் என்று எழுதிக் கொடுங்கள். நான் பார்த்தவரை, தொலைந்த ஆம்பூல்களில் பல மருந்துத் தட்டின் ஓரத்திலோ தவறான பெட்டியிலோ கிடைத்திருக்கின்றன.

கேள்வி: அக்கா, எல்லாரும் கூட வேலை செய்பவரைப் பற்றிக் கேட்கிறார்கள். எடுப்பது நான்தான். முதுகு வலியில் தொடங்கியது. கொட்டவேண்டிய மார்ஃபின் மீதி. ஏழு மாதம் ஆகிறது.

பதில்: இதை எழுதியதற்கு நன்றி, கண்ணு. உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒருவர் போதைக்கு அடிமையாகிவிட்டார் என்று சந்தேகிக்கும் மருத்துவர், 7 நாளுக்குள் சுகாதார அமைச்சுக்கும் போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தெரியாமல் போய் அங்கே அதிர்ச்சி அடைய வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அதனால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். வசதி இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி தரும் ப்ரோ போனோ எஸ்ஜி அமைப்பை அணுகலாம். ஆனால் அதற்காக நாள் கடத்தாதீர்கள். மனநலக் கழகத்தில் இருக்கும் தேசிய போதைப் பழக்கச் சிகிச்சைப் பிரிவின் எண் 6732 6837. திடீரென்று நிறுத்தினால் உடம்பு படும் பாட்டைத் தனியாகத் தாங்க முயல வேண்டாம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிடிபட்ட பிறகு பேசுவதற்கும் நீங்களாகப் போய் நிற்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இன்றிரவு ஷிப்ட் இருந்தால் போகாதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள், இன்றிரவு அவர் உங்களோடு இருக்கட்டும்.