வாசகர் கேள்வி–பதில்: ஆய்வுக் கட்டுரைகளும் மேற்கோள் வரைபடமும்

நான் எழுதியவை 23 ஆய்வுக் கட்டுரைகள். ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஓபன்அலெக்ஸ் தளத்தில் தேடினால் என்னை மூன்று பேராகப் பிரித்துக் காட்டுகிறது. அதில் ஒருவர் கணக்கில் இதய அறுவை சிகிச்சைக் கட்டுரை வேறு! ஆண்டுவாரியாக மேற்கோள் (பிறர் என் கட்டுரைகளைச் சுட்டிய எண்ணிக்கை) வரைபடம் எடுப்பது எப்படி?
– விலங்கியல் பேராசிரியை, பாளையங்கோட்டை

வரைபடம் இருக்கட்டும், முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒரு கட்டுரையில் முன்னால் இருக்கும், அடுத்ததில் பின்னால், இன்னொன்றில் முழுப்பெயராகவே இருக்கும். தளம் அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு ஆளைப் பிரித்துவிடுகிறது. முருகனும் இசக்கியும் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் நம் சீமையில் வேற்றாள் கட்டுரை வந்து ஒட்டிக்கொள்வதும் சகஜம்.

ஆய்வாளருக்குத் தனி அடையாள எண் தரும் ஆர்கிட் தளத்தில் இலவசமாகப் பதிந்து 16 இலக்க எண் வாங்குங்கள். கட்டுரைகளை டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர அடையாள எண்) கொடுத்தே சேருங்கள்; தலைப்பைத் தட்டச்சு செய்து சேர்த்தால் ஒரே கட்டுரை இரண்டாகப் பதிவாகலாம். இனி அனுப்பும் கட்டுரைகளில் இந்த எண் கட்டாயம் இருக்கட்டும்.

பிரிந்து கிடக்கும் மூவரும் ஒருவராகும் வரை ஆசிரியர் பக்கத்தை நம்பி வரையாதீர்கள். ஓபன்அலெக்ஸின் ஏபிஐ முகவரியில் (தரவை நேரடியாகக் கேட்டு வாங்கும் இணைய முகவரி) 23 டிஓஐ எண்களையும் நடுவே செங்குத்துக் கோடு இட்டு அடுக்கினால், பிரவுசரிலேயே எல்லாப் பதிவுகளும் வரும். இயல்பாக ஒரு பக்கத்துக்கு 25 பதிவுகள் என்பதால் உங்களுக்கு ஒரு பக்கமே போதும். ஆண்டுவாரி எண்ணிக்கையை எக்செலில் கூட்டிப் பட்டை வரைபடம் போடுங்கள். பட்டைகளின் கூட்டுத்தொகை மொத்த மேற்கோளைவிடக் குறைந்தால் பதற வேண்டாம்: ஆண்டுவாரிக் கணக்கு கடைசிப் பத்து ஆண்டுகளுக்கு மட்டுமே, மொத்தத்தில் பழையதும் சேரும். நடப்பு ஆண்டின் பட்டை எப்போதும் குட்டையாகத்தான் இருக்கும். அதை விட்டுவிடுங்கள், அல்லது வேறு நிறத்தில் காட்டுங்கள்.

விஓஎஸ்வியூவர் மென்பொருளில் குறிச்சொல் வரைபடம் (கட்டுரைகளில் எந்தக் குறிச்சொற்கள் சேர்ந்து வருகின்றன என்று காட்டும் படம்) போட்டேன். தாமிரபரணியே காணோம்!
– ஆய்வு மாணவர், அபிஷேகப்பட்டி

ஆறு வற்றவில்லை, எழுத்துக்கூட்டலில் பிரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் முதலெழுத்து டி-க்குப் பின் எச் போட்டவர், போடாதவர், நடுவில் பி (B) எழுதியவர், அதற்குப் பதில் பி (P) எழுதியவர், வெள்ளைக்காரர் காலத்து வடிவத்தைப் பிடித்துக்கொண்டவர் என்று ஆளுக்கொரு விதம். ஒரு சொல் குறைந்தது 5 முறை வந்தால்தான் படத்தில் ஏறும் என்பது மென்பொருளின் இயல்பு அமைப்பு. நாலு வடிவம் மூன்று மூன்று முறை வந்திருந்தால் நாலும் அடிபட்டுப்போகும், சேர்த்தால் 12.

நோட்பேடில் தெசாரஸ் கோப்பு (எந்தச் சொல்லை எதுவாக மாற்றுவது என்ற பட்டியல்) ஒன்று எழுதுங்கள். முதல் வரியில் 'லேபிள்', 'ரீப்ளேஸ் பை' என்ற இரு தலைப்புகளும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கீழே இடப்பக்கம் தவறான வடிவம், வலப்பக்கம் சரியானது. நடுவில் டேப் விசைதான். இடைவெளி விட்டால் பிழை காட்டும். வலப்பக்கத்தைக் காலியாக விட்டால் அந்தச் சொல்லே படத்திலிருந்து நீங்கிவிடும். 'ஸ்டடி', 'இந்தியா' போன்ற உப்புச்சப்பில்லாத சொற்களைக் களைய இதுவே வழி. ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்திலிருந்து கட்டுரைப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கும்போது குறிச்சொல் பெட்டியில் டிக் போட மறந்தால் இவ்வளவும் வீண்.

படத்தை ஜேசன் கோப்பாகச் சேமித்தால், விஓஎஸ்வியூவர் ஆன்லைனில் ஏற்றி நெறியாளர் தம் பிரவுசரிலேயே பார்க்கலாம். அவர் கணினியில் ஜாவா நிறுவ வேண்டியதில்லை.

தொடர்புள்ள கட்டுரைகளை வரைந்து காட்டும் கனெக்டட் பேப்பர்ஸ் தளத்தின் படத்தில் கோடு இணைக்கும் இரு கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டவே இல்லையே?
– வாசகர், தென்காசி

அந்தக் கோடு மேற்கோள் அல்ல, ஒற்றுமை. இரண்டும் ஒரே பழைய கட்டுரைகளைச் சுட்டினாலோ, பிறர் இரண்டையும் சேர்த்தே சுட்டினாலோ கோடு விழும். வட்டத்தின் பருமன் மேற்கோள் எண்ணிக்கை, நிறம் வெளியான ஆண்டு.

மேற்கோள் எண்ணிக்கையைக் கூகுள் ஸ்காலரில் கூடுதலாகவும் ஸ்கோபஸில் குறைவாகவும் காட்டுகிறதே, எதைப் போடுவது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வெளியாகும் முன்பே இணையத்தில் இடும் வடிவம்) எல்லாவற்றையும் எண்ணும். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்களையும் நூல்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் மட்டும். எதையும் போடலாம், ஆனால் ஒரே படத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது. படத்தின் கீழே தளத்தின் பெயரும் எடுத்த தேதியும் இருக்க வேண்டும்.